இரண்டு கரிசல்

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் இருக்கும் ஃபார்கோவுக்கு வந்த முதல் ஏப்ரலில், பனி உருகி முடிந்த ஒரு வயலில் மண் மாதிரி எடுக்க இறங்கினேன். பத்தடி நடப்பதற்குள் பூட்ஸ் இரண்டும் தூக்க முடியாத கனம் ஆகிவிட்டன. குனிந்து பார்த்தால் அடியிலும் பக்கத்திலும் கன்னங்கரேலென்று மண் அப்பியிருந்தது. குச்சி ஒன்றை எடுத்துச் சுரண்டினேன். பூட்ஸை விட்டுக் குச்சிக்கு வந்தது, குச்சியை விட்டு விரலுக்கு வந்தது. அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது எனக்கு. கோவில்பட்டிக்குக் கிழக்கே எங்கள் ஊரில் ஐப்பசி மழைக்கு அப்புறம் புஞ்சைக்குள் இறங்கினால் இதே மண் இதே மாதிரி ஒட்டும். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடப்போம்.

மண் படிப்புப் படித்துவிட்டு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவன் நான். அதனால் இது ஊர் ஏக்கத்தில் வந்த மயக்கம் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியும். ஃபார்கோ வட்டாரத்துக் களிமண்ணும் எங்கள் கரிசலும் மண் வகைப்பாட்டில் ஒரே வகை, வெர்டிசால். நனைந்தால் ஊதும், காய்ந்தால் பிளக்கும். எங்கள் ஊரில் சித்திரை மாதத்து வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். இங்கே பனியுகத்தின் கடைசியில் தேங்கிக் கிடந்த அகாசிஸ் என்ற பெரும் ஏரி வடிந்துபோய், அடியில் படிந்த வண்டல்தான் இன்றைய வயல். வந்த வழி வேறு, குணம் ஒன்று.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. விவசாயத்தைத் தம்பி மகனிடம் ஒப்படைத்துவிட்டு மனைவியோடு ஃபார்கோவுக்குக் குடிவந்தவர். நாங்கள் குடிபோன வாரமே அந்த அம்மா ஒரு பாத்திரம் நிறைய சூப் கொண்டுவந்து கொடுத்தார். உருளைக்கிழங்கும் மாவு உருண்டையும் மிதக்கிற சூப். நெஃப்லா என்று சொன்னார். பாத்திரத்தைச் சும்மா திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று என் மனைவி அதில் கேசரி வைத்துக் கொடுத்தாள். அதோடு பழக்கம் பற்றிக்கொண்டது.

அவர்கள் சமையலறைச் சுவரில், நம் வீட்டில் சாமி படம் மாட்டுகிற உயரத்தில், கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு தாள் தொங்குகிறது. பழுப்பேறிய பத்திரம், மேலே அமெரிக்க ஜனாதிபதியின் பெயர், கீழே முத்திரை. அவருடைய தாத்தா மெக்கின்டாஷ் கவுண்டியில் 160 ஏக்கருக்கு வாங்கிய பட்டா. முதல் தடவை நான் அதைப் படித்துக்கொண்டு நின்றபோது அவர் பின்னால் வந்து நின்று கேட்டார். "உங்களுக்கு எந்த ஊர்?" இந்தியா என்றேன். "அது நாடு. ஊர் எது?"

அமெரிக்காவில் என்னிடம் இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

அந்தப் பட்டாவின் கதை தெரியாமல் இந்த மண்ணுக்காரர்களின் பெருமை புரியாது. 1862 மே 20 அன்று ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம் எளிமையானது. 21 வயது ஆனவரோ குடும்பத் தலைவரோ, ஆணோ தனித்த பெண்ணோ, 160 ஏக்கர் கேட்கலாம். அந்த நிலத்தில் 5 ஆண்டுகள் குடியிருக்க வேண்டும், வீடு கட்ட வேண்டும், உழுது பயிர் செய்ய வேண்டும். அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் சாட்சி சொன்னால் நிலம் சொந்தம். கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர். இப்படி ஏறத்தாழ 16 லட்சம் பேருக்குச் சுமார் 27 கோடி ஏக்கர் போனது. நாட்டின் மொத்தப் பரப்பில் இது பத்தில் ஒரு பங்கு.

எண்ணிக்கையைச் சொல்லிவிடலாம், அந்த 5 வருஷத்தைச் சொல்வது கடினம். மரமே இல்லாத புல்வெளி. வீடு கட்ட மரம் கிடையாது, அடுப்பெரிக்க விறகு கிடையாது. புல் வேரோடு மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். பெரியவரின் ஆட்கள் களிமண்ணோடு வைக்கோலைக் குழைத்துக் கல் அறுத்தார்களாம். அடுப்புக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டேன். மாட்டுச் சாணத்தை மிதித்து, வெட்டி, வெயிலில் காயவைத்து எரித்தோம் என்றார். தன் பாட்டி அதைச் சுவரோரம் அடுக்கி வைத்திருப்பாளாம். கையால் அந்த அளவைக் காட்டினார். வரட்டி! நான் ஃபோனில் எங்கள் ஊர்ப் படம் ஒன்றைத் தேடி எடுத்துக் காட்டினேன். மண் சுவரில் வட்ட வட்டமாக, ஐந்து விரல் பதிந்த வரட்டி. அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுப் பார்த்தார். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அவர்கள் வந்த பாதை நேர்ப் பாதை இல்லை. மூதாதையர் ஜெர்மானியர்கள். கேத்தரின் மகாராணி 1763-ல் வெளிநாட்டுக் குடியானவர்களை ருஷ்யாவுக்கு அழைத்தார், அவருடைய பேரன் முதலாம் அலெக்சாண்டர் கருங்கடல் கரைக்கு அழைத்தார். நிலம் உண்டு, கட்டாய ராணுவ சேவை கிடையாது என்பது வாக்குறுதி. ஒடெஸா பக்கத்துக் கறுப்பு மண்ணில் போய் உட்கார்ந்தார்கள். மூன்று நான்கு தலைமுறை உழுதும் வீட்டில் ஜெர்மன்தான் பேசினார்கள். 1870-களில் ஜார் ஆட்சி அந்தச் சலுகைகளைப் பறித்து, பிள்ளைகளைப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டது. மூட்டை கட்டிக் கப்பலேறி, டகோட்டாவின் இன்னொரு கறுப்பு மண்ணுக்கு வந்து சேர்ந்தார்கள். ருஷ்யாவில் இருந்தவரை அவர்களை ஜெர்மன்காரர்கள் என்றார்கள். இங்கே வந்ததும் ருஷ்யாக்காரர்கள் என்றார்கள். அவர்கள் விடாமல் கொறித்துத் துப்பிய சூரியகாந்தி விதைக்கு 'ருஷ்யக் கடலை' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். இன்றைக்கு அமெரிக்காவின் சூரியகாந்தி விளைச்சலில் பெரும்பங்கு வடக்கு, தெற்கு என்ற இரண்டு டகோட்டாக்களிலும்தான். பெரியவர் இன்னமும் கொறிக்கிறார். வாயின் ஒரு பக்கம் விதை போகிறது, மறுபக்கம் தோல் வருகிறது, பேச்சு நிற்பதில்லை.

சரி, என் கதையைச் சொல்கிறேன். அவரிடம் சொன்னதும் இதுதான்.

நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். தெருவில், பள்ளியில், கனவில், எழுத்தில் எல்லாம் தமிழ். விஜயநகர, நாயக்கர் காலத்தில் வடக்கேயிருந்து வந்து கரிசலில் குடியேறிய ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்று. ஏன் வந்தோம் என்பதற்கு என் பாட்டி வைத்திருந்த கதை, அந்தப் பக்கத்தில் பல வீடுகளில் சொல்கிற கதைதான். ராஜா ஒருவன் எங்கள் வீட்டுப் பெண்ணைக் கேட்டான், கொடுக்க மனமில்லாமல் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பினார்கள். பின்னால் குதிரைச் சத்தம், முன்னால் ஆறு கரைபுரண்டு ஓடுகிறது. அப்போது கரையில் நின்ற புங்க மரம் வளைந்து பாலமாகப் படுத்தது. எல்லோரும் ஏறி இக்கரை வந்ததும் நிமிர்ந்துகொண்டது. அதனால் புங்க மரத்தில் நாங்கள் கோடாலி வைக்க மாட்டோம். எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒன்று நிற்கிறது. அதன் கிளை கூரை ஓடுகளைத் தள்ளிக்கொண்டு வந்தபோதும் அப்பா வெட்டவில்லை, ஓடுகளைத்தான் மாற்றினார்.

வந்து சேர்ந்த இடம் கருவேலும் இலந்தையும் மண்டிக்கிடந்த காடாம். தீ வைத்து, வேர் பறித்து, மேடு தட்டி, கம்பும் சோளமும் பருத்தியும் போட்டார்கள். ஆறில்லை, கால்வாயில்லை, எல்லாம் மானாவாரி. மழை வந்தால் வீடு நிறையும், வராவிட்டால் கம்மங்கூழும் கிடையாது. "காடு திருத்தி ஊராக்கியவர்கள் நாம்" என்று தாத்தா சொல்லும்போது அவர் கழுத்து நிமிரும். அந்தப் பெருமையில் வளர்ந்தவன் நான். இன்றைக்கும் கரிசல்காரன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. பாரதி பிறந்த எட்டயபுரத்துக்கு எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போய்விடலாம். 2020-ல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, ஃபார்கோவில் உட்கார்ந்துகொண்டு தெரிந்தவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினேன்.

பதினெட்டு வயதில் கல்லூரி விடுதியில், சாப்பாட்டு வரிசையில், வீட்டுக்கு ஃபோனில் பேசிவிட்டு வந்தபோது ஒருவன் சொன்னான், "வந்தேறிப் பயலுக." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். தட்டோடு நின்றேன். எனக்கு வேறு ஊர் எது என்று திரும்பிக் கேட்கத் தோன்றவில்லை. அந்தச் சமயத்தில் விஜயவாடாவுக்குப் போயிருந்தால், அங்கே கடைக்காரர் என் தெலுங்கைக் கேட்டுவிட்டு இது எந்த ஊர்த் தெலுங்கு என்றுதான் கேட்டிருப்பார். பல வருஷம் கழித்து நிஜமாகவே கேட்டார். 400 ஆண்டுகளுக்கு மேல் ஒரு மண்ணில் கிடந்தவனை வந்தவன் என்கிறார்கள். தெலுங்கு பேசிய பாளையக்காரர் வம்சத்தில் வந்த கட்டபொம்மனை 1799-ல் கயத்தாற்றில் தூக்கிலிட்ட இடத்தில் நின்று கும்பிட்டுவிட்டும் சொல்கிறார்கள். அந்த வார்த்தை என்னைத் தொட்ட இடம் இன்னும் ஆறவில்லை. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

இதைக் கேட்டபோது பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் காபி குடிக்கக் கூட்டிக்கொண்டு போனார். ஓரத்து மேசையில் இருந்த ஒரு வயதானவரைக் கண்ணால் காட்டி, அவர் இந்தப் பக்கத்து ஆள் இல்லை என்றார். எங்கிருந்து வந்தார்? மினசோட்டாவிலிருந்து. எப்போது? 35 வருஷம் இருக்கும். ஃபார்கோவில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் மினசோட்டா. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. இந்தப் பக்கத்தில் ஒருவனை ஊர்க்காரன் என்று சொல்ல, கல்லறைத் தோட்டத்தில் அவனுக்கு ஆள் இருக்க வேண்டும் என்றார். எனக்கு அது புரிந்தது. எங்கள் ஊரிலும் கருமாதி வீட்டில்தான் யார் யாருக்கு என்ன உறவு என்பது தெரியவரும்.

அவருடைய அம்மா பிள்ளைகளிடம் ஜெர்மன் பேசுவதை நிறுத்திவிட்டாராம். முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மன் பேசியவர்களை ஊர் சந்தேகத்தோடு பார்த்தது. தெற்கே நெப்ராஸ்காவில் 1919-ல் சிறு பிள்ளைகளுக்கு வேற்று மொழி சொல்லிக்கொடுப்பதையே குற்றமாக்கினார்கள். பைபிள் கதையை ஜெர்மனில் வாசிக்கச் சொல்லிக்கொடுத்த மேயர் என்ற ஆசிரியருக்கு அபராதம் விதித்தார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போய் 1923 ஜூனில் ஜெயித்தார். பெரியவரிடம் இன்று மிச்சம் இருக்கும் ஜெர்மன் ஒரு ஜெபமும் நாலைந்து வசவும்தான்.

அந்த 1923-ஐ நான் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறேன். அதே நீதிமன்றம், அதே ஆண்டு பிப்ரவரியில், பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அமெரிக்கப் படையில் பணிபுரிந்தவர் அவர். இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், ஆகவே அவர்களுக்குக் குடியுரிமை கிடையாது என்பது தீர்ப்பு. 1946 வரை அதுதான் நிலைமை. ஹோம்ஸ்டெட் நிலம் கேட்க வேண்டுமானால் குடிமகனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குடிமகனாகப் போகிறேன் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். பெரியவரின் தாத்தாவோடு என் பூட்டன் ஒரே கப்பலில் வந்து இறங்கியிருந்தாலும், இந்தக் கறுப்பு மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்து இதில் பருத்தி வராது, கம்பு வரும் என்று சொல்லியிருந்தாலும், அந்த 160 ஏக்கரை நம்பி அவரால் கால் ஊன்றியிருக்க முடியாது.

நிறத்தால் போட்ட கோட்டின் அந்தப் பக்கம் நின்றவர்களில் சிலர் எப்படியோ இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள் என்பதும் உண்டு. மாநிலத்தின் வடமேற்கில் ராஸ் என்ற சிற்றூருக்கு வெளியே, 1900-களின் தொடக்கத்தில் சிரியா, லெபனான் பகுதியிலிருந்து முஸ்லிம் குடும்பங்கள் வந்து ஹோம்ஸ்டெட் எடுத்தன. 1929-ல் அங்கே ஒரு மசூதி கட்டினார்கள். அமெரிக்காவில் மசூதிக்கென்றே கட்டப்பட்ட ஆரம்பகாலக் கட்டடங்களில் ஒன்று அது. பழையது இப்போது இல்லை. 2005-ல் கட்டிய சின்னஞ்சிறு மசூதி கோதுமை வயலுக்கு நடுவே நிற்கிறது. ஒரு ஜூலை மாதம் குடும்பத்தோடு போய்ப் பார்த்தேன். பிறை வைத்த இரும்பு வாசல், உள்ளே கல்லறைகள், சுற்றிலும் காற்று. பெரியவர் சொன்ன கணக்குப்படி இவர்கள் எல்லோரும் ஊர்க்காரர்கள்.

போன வருஷம் மே மாதம் கல் பொறுக்கப் போகிறோம், வருகிறீர்களா என்று பெரியவர் கேட்டார். ஃபார்கோ பக்கத்து ஏரிப் படுகையில் கல் கிடையாது. மேற்கே அவர்கள் நிலம் பனிப்பாறை தள்ளிக்கொண்டு வந்து கொட்டிய மேடு. ஒவ்வொரு குளிர்காலமும் மண் உறைந்து ஊதும்போது அடியில் கிடக்கும் கல்லை மேலே தள்ளிவிடும். போன வருஷம் சுத்தமாகப் பொறுக்கிய வயலில் இந்த வருஷம் மறுபடியும் கல் முளைத்திருக்கும். நாள் பூராவும் டிராக்டருக்குப் பின்னால் நடந்தோம். தேங்காய் அளவு, பூசணி அளவு, இரண்டு பேர் சேர்ந்து உருட்ட வேண்டிய அளவு. வயல் ஓரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் குவிந்த கல் மேடு ஒன்று உண்டு. அதன் அடிக் கல் தாத்தா போட்டது, அதற்கு மேலே அப்பா, அதற்கு மேலே நான் என்று கையால் அடுக்கடுக்காகக் காட்டினார். நான் எடுத்துப் போன கல்லை எங்கே போடுவது என்று தயங்கினேன். மேலே போடச் சொன்னார்.

தாத்தா இந்த நிலத்தில் எடுத்த முதல் விளைச்சல் எது தெரியுமா என்று கேட்டார். கோதுமை என்றேன். எலும்பு என்றார். கொன்று குவிக்கப்பட்ட காட்டெருமைகளின் எலும்பு புல்வெளி எங்கும் வெளுத்துக் கிடந்தது. குடியேறியவர்கள் அதைப் பொறுக்கி வண்டியில் ஏற்றி, ரயிலடியில் உரத்துக்கும் சர்க்கரை ஆலைக்கும் விற்றார்கள். பல குடும்பங்களுக்குக் கையில் வந்த முதல் காசு அதுதான்.

மறுநாள் திரும்பி வரும் வழியில் வண்டியைக் கிழக்கே ஒரு குன்றுக்கு விடச் சொன்னார். வொயிட்ஸ்டோன் ஹில். 1863 செப்டம்பர் 3 அன்று அமெரிக்க ஜெனரல் சல்லியின் படை இங்கே வந்தது. யாங்க்டோனாய் உள்ளிட்ட டகோட்டா, லகோட்டா பழங்குடி மக்கள் வேட்டையாடி, குளிர்காலத்துக்கு இறைச்சி காயவைத்துக்கொண்டிருந்த முகாம் அது. பெண்களும் குழந்தைகளும் உட்படச் சுட்டார்கள். அப்புறம் கூடாரங்களையும், 4 லட்சம் பவுண்டுக்கு மேல் இருந்த உலர்ந்த இறைச்சியையும் கொளுத்தினார்கள். ஹோம்ஸ்டெட் சட்டம் நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டு ஜனவரி 1. குன்றின் உச்சியில் படைவீரர்களுக்கு உயரமான நினைவுத்தூண் நிற்கிறது. சுட்டுக் கொல்லப்பட்டவர்களுக்குக் கீழே ஒரு சிறிய கல். பெரியவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அந்தச் சிறிய கல்லின் முன்னால்தான் நின்றார். பிள்ளையாக இருந்தபோது இங்கே பிக்னிக் வந்திருக்கிறேன், யாரும் எதுவும் சொன்னதில்லை என்றார். டகோட்டா என்ற சொல்லுக்கு அந்த மக்களின் மொழியில் நண்பர்கள், கூட்டாளிகள் என்று பொருள். மாநிலத்தின் பெயர்ப்பலகையில் தினமும் அதைப் படிக்கிறோம். நான் படித்த பல்கலைக்கழகமும், நிலத்தைக் கொடுத்துக் கல்லூரி நடத்தச் சொன்ன இன்னொரு 1862 சட்டத்தின் பிள்ளைதான். அந்த நிலமும் இவர்களுடையதே.

காருக்குள் வெகுநேரம் யாரும் பேசவில்லை. எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. குறிப்பாக ஒரு வாக்கியம்.

எங்கள் புஞ்சையில் பருத்தி எடுக்க வருகிற ஆத்தா ஒருத்தி உண்டு. ஊருக்கு வெளியே இருக்கும் தெருக்காரர். நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் ஒருநாள் மதியம் வரப்பில் உட்கார்ந்து, காடு திருத்திய எங்கள் தாத்தாக்களின் கதையை அவரிடம் அளந்துகொண்டிருந்தேன். மடியில் இருந்த பருத்தியை அமுக்கி வைத்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார். "காடு வெட்டுனது எங்க தாத்தன் சாமி. கல்லு நட்டது உங்க தாத்தன்." அவ்வளவுதான். எழுந்து அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். அந்த வயதில் எனக்கு அது கேலி போலத்தான் பட்டது. விடுதியில் தட்டோடு நின்ற அன்றைக்குக்கூட எனக்கு அவர் நினைவு வரவில்லை. என் காயம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அவர்கள் 400 வருஷமா, 1,000 வருஷமா, எவ்வளவு காலமாக அந்த மண்ணில் இருந்தார்கள் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. பட்டாவில் ஒரு சென்ட் அவர்கள் பெயரில் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். அங்கே விடிந்திருந்தது, புங்க மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆத்தா சொன்னதைச் சொல்லி, அது நிஜமா என்று கேட்டேன். அப்பா சற்று நேரம் சும்மா இருந்தார். பின்னால் மயில் அகவியது.

எங்கள் புஞ்சைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. ஓடைப் புஞ்சை, பெரிய புஞ்சை, பனைமரத்துப் புஞ்சை என்று. கிழக்கே கடைசியில் இருப்பதை மட்டும் ஒரு காவல் தெய்வத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவோம். அங்கே கோயில் கிடையாது, பீடம் கூடக் கிடையாது. ஒரு காலத்தில் இருந்திருக்கும் என்று நினைத்து, அதைத் தாண்டும்போது சின்ன வயதில் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். பாகப்பிரிவினையில் என் பங்குக்கு வந்தது அந்தப் புஞ்சைதான்.

"அது சாமி பேரு இல்லப்பா" என்றார் அப்பா, எங்கள் தெலுங்கில். "அந்த ஆத்தாவோட தாத்தா பேரு."